குளவிக்கூடும் மூன்று வளையங்களும்

பூவையும் பூச்சியையும் கிட்டத்தில் நின்று படம் பிடிப்பது ஒரு காலத்தில் எனக்குப் பெரிய பைத்தியமாக இருந்தது. 1984-ல் அதை விட்டேன். விட்டதற்கு ஒரு காரணமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காரணம் பொய் என்பது போன வருஷம்தான் தெரிந்தது. அந்தக் கதையோடு, இந்தக் கலை வந்த வழியையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

என் கேமரா ஒரு ரஷ்ய ஜெனித்-இ. நெய்வேலி அனல் மின் நிலையத்தைக் கட்ட வந்த சோவியத் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது, அங்கே வேலையில் இருந்த என் அத்தான் அவரிடம் வாங்கியது. பிறகு என் கைக்கு வந்தது. செங்கல் மாதிரி கனக்கும். கூடவே ஹீலியோஸ் என்ற 58 மில்லிமீட்டர் லென்ஸும், ஒரு தோல் உறையில் மூன்று அலுமினிய வளையங்களும் இருந்தன. வளையங்களைக் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் திருகினால் கிட்டத்தில் உள்ளதைப் படம் எடுக்கலாம் என்று அத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

1984 தை மாதம், மாயவரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில், தாழ்வார ஜன்னல் சட்டத்தில் ஒரு குளவி மண்கூடு கட்ட ஆரம்பித்தது. என் மனைவிக்கு அப்போது ஏழு மாசம். "புள்ளத்தாச்சி இருக்கற வீட்ல குளவி கூடு கட்டினா நல்லது, கையை வச்சுடாதே" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு வேறு நினைப்பு. பச்சைப் புழுவைக் குளவி தூக்கி வந்து கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் குளவியாக்கிவிடும் என்பதை அவர் முழுக்க நம்பினார். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்லித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

நான் கொஞ்சம் படித்திருந்தேன். புழு குளவியாவதில்லை. இந்த வகைக் குளவி ஒவ்வொரு அறையையும் கட்டியதும் உள்ளே ஒரு முட்டையை மெல்லிய இழையில் தொங்கவிடுகிறது. பிறகு புழுக்களைக் கொட்டி, சாகாமல் அசைய மட்டும் முடியாமல் செய்து, உள்ளே அடைத்து வாயை மண்ணால் பூசிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சுக்கு அந்தப் புழுக்கள்தான் சாப்பாடு. இதைப் படமாக எடுத்து அப்பாவிடம் வரிசையாகக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

கேமராவில் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ கருப்பு வெள்ளை பிலிம், 36 படம். முதல் நாலு படம் மூத்தவனின் பிறந்தநாளுக்குப் போயிருந்தது. மீதி 32-ஐயும் குளவிக்கே வைத்தேன். ஐந்து நாள் ஆபீசுக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், ஞாயிறு முழுப் பகல். பழைய பஞ்சாங்கங்களை அடுக்கி அதன்மேல் கேமரா. லென்ஸுக்கும் குளவிக்கும் நடுவில் அரைச் சாண்தான். மண் உருண்டையோடு வந்ததை எடுத்தேன், புழுவைக் காலிடுக்கில் பிடித்து வந்ததை எடுத்தேன், வாயைப் பூசியதை எடுத்தேன்.

ரோலைக் கழுவக் கொடுத்தேன். பெரிய தெருவில் அப்போது நல்ல பேர் இருந்த ஸ்டூடியோ. மூன்றாம் நாள் போனால், குளவிப் படங்கள் எல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருந்தன. குளவியும் இல்லை, கூடும் இல்லை. "நெகட்டிவே மெலிசா இருக்கு சார், வெளிச்சம் பத்தலை" என்றார் ஸ்டூடியோக்காரர். மீட்டர் ஊசி காட்டியபடிதானே எடுத்தேன் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். "பழைய மருந்தை வச்சுக்கிட்டுக் கழுவறீங்க, பழியை என் மேல போடறீங்களா?" என்று சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கழுவின கூலியைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறந்தநாள் படங்கள் ஆல்பத்துக்குப் போயின. நெகட்டிவ் உறையோடு பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. சித்திரையில் மகள் பிறந்தாள். கேமராவை நான் அப்புறம் தொடவில்லை. அப்பா 1991-ல் காலமானார். புழு குளவியாகும் என்ற நம்பிக்கையோடேயே போனார்.

இனி கொஞ்சம் சரித்திரம்.

சின்னதைப் பெரிதாகப் பார்க்கும் ஆசை கேமராவுக்கு முந்தியது. இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1665-ல் வெளியிட்ட மைக்ரோகிராஃபியா புத்தகத்தில், மடித்து வைத்த பெரிய தாளில் ஒரு தெள்ளுப்பூச்சியை வரைந்து காட்டினார். கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தது. கையில்லாமல் ஒளியே வரையட்டும் என்ற எண்ணம் வர இன்னும் வெகு காலம் ஆனது. புகைப்படத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட், 1840 வாக்கிலேயே சூரிய ஒளியால் இயங்கும் நுண்ணோக்கியை வைத்துப் பூச்சிச் சிறகுகளைப் படம் பிடித்தார். அதாவது, புகைப்படம் பிறந்த உடனேயே மனிதன் பூச்சியைத்தான் கிட்டத்தில் போய்ப் பார்த்தான்.

அன்னா அட்கின்ஸ் என்ற அம்மையார் கேமராவே இல்லாமல் செய்தார். ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்த நீல அச்சு முறையில், மருந்து தடவின காகிதத்தின்மேல் கடல்பாசியை வைத்து வெயிலில் காட்டினார். பாசி இருந்த இடம் வெள்ளை, மற்ற இடம் நீலம். அந்தப் படங்களைக் கொண்டு 1843-ல் அவர் வெளியிடத் தொடங்கிய பாசிப் புத்தகத்தைத்தான் புகைப்படங்களால் ஆன முதல் புத்தகம் என்கிறார்கள். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர்கள் 'புளூ பிரிண்ட்' என்று சொல்வோமே, அது இந்த முறையின் வாரிசுதான்.

எனக்கு மிகவும் பிடித்தவர் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரின் விவசாயி. 15 வயதில் அம்மா கொடுத்த நுண்ணோக்கியில் பனித்துகளைப் பார்த்தார். வரைய முயன்றார், வரைந்து முடிப்பதற்குள் உருகிவிட்டது. துருத்தி வைத்த கேமராவை நுண்ணோக்கியோடு சேர்த்து, 1885 ஜனவரி 15-ல் முதல் பனித்துகளைப் படம் எடுத்தார். அப்போது அவருக்கு 20 வயது ஆகவில்லை. சூடு இல்லாத கொட்டகையில், மூச்சுப் பட்டால் உருகிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு, இறகால் துகளைத் தட்டி வைத்து, வாழ்நாளில் 5,000-க்கு மேல் எடுத்தார். 1931-ல் படங்கள் புத்தகமாயின. அதே வருஷம் டிசம்பரில், பனிப்புயலில் நடந்து வந்து நிமோனியா கண்டு இறந்தார்.

பென்ட்லி பிறந்த அதே 1865-ல் ஜெர்மனியில் பிறந்தவர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். பெர்லினில் கலைப் பள்ளி ஆசிரியர். செடிகளின் வடிவத்தை மாணவர்களுக்குக் காட்டத் தானே செய்த கேமராவில் படம் எடுத்தார். பெரணித் தளிர் சுருண்டிருப்பதும், பூசணிக் கொடியின் பற்றுக்கம்பியும், சில படங்களில் 30 மடங்கு வரை பெரிதாகத் தெரியும். பார்த்தால் கோயில் தூணின் சிற்ப வேலை மாதிரி இருக்கும். முப்பது வருஷம் பாடத்துக்காக மட்டுமே வைத்திருந்தார். கலையின் ஆதி வடிவங்கள் என்று பொருள்தரும் பெயரில் 1928-ல் புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது 63-ஐ ஒட்டி. அதற்குப் பிறகுதான் உலகத்துக்கு அவர் யார் என்று தெரிந்தது. ஓய்வு பெற்ற நம் போன்றவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பெர்சி ஸ்மித் என்பவர் லண்டனில் கல்வித் துறையில் குமாஸ்தா. நானும் குமாஸ்தாவாக இருந்தவன்தான், அதனால் அவர்மேல் தனிப் பிரியம். ஈயின் நாக்கை அவர் எடுத்த ஒரு படம் ஒரு சினிமாத் தயாரிப்பாளர் கண்ணில் பட்டது. அதன் விளைவாக, மொட்டு மலராவதை நிமிஷக் கணக்கில் காட்டும் படத்தை 1910-ல் எடுத்தார். மலர் விரிவதைத் திரையில் பார்க்கிறோமே, அந்த வழக்கத்தின் ஆரம்பக் காலப் படங்களில் அது ஒன்று.

கிட்டத்தில் எடுப்பதற்கென்றே லென்ஸ் வந்தது 1950-களில். 35 மில்லிமீட்டர் கேமராவுக்கு 1955-ல் ஜெர்மனியின் கில்ஃபிட் செய்தார்கள். மறுவருஷம் ஜப்பானின் நிக்கான் செய்தது. நிக்கானுக்குக் காரணம் பூச்சி அல்ல, எழுத்து. ஆவணங்களை மைக்ரோபிலிமில் சுருக்கும்போது, நெருக்கமான கோடுகள் கொண்ட கான்ஜி எழுத்துகள் மற்ற லென்ஸ்களில் தெளிவாக விழவில்லை. அதற்காகச் செய்த லென்ஸைத்தான் பிறகு பூச்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்தில் முதலில் சொல்ல வேண்டியவர் மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களை ஒன்று சேர்த்துத் தானே ஒரு கேமரா அமைத்து அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். கருப்பு வெள்ளையில் யானைகளையும் காட்டையும் எடுத்தார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மனில் 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை இயற்கை பற்றி எழுதினார். பிலிமைக்கூட நாம் செய்தோம். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. பள்ளிக்கூட குரூப் போட்டோ எத்தனை அந்த மலையிலிருந்து வந்த பிலிமில் பதிந்ததோ.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் என் தம்பி பேரன் வந்திருந்தான். கல்யாண போட்டோ எடுப்பவன். "தாத்தா, உங்ககிட்ட ரஷ்யா லென்ஸ் இருக்காமே, ஹீலியோஸ்? இப்ப அதுக்கு எங்க பசங்ககிட்ட அவ்வளவு கிராக்கி" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு இணைப்பு வளையம் வைத்துத் தன் டிஜிட்டல் கேமராவில் பொருத்தி, தாழ்வாரச் சுவரைப் பார்த்தான். கேமராவின் முதுகுத் திரையில் ஷட்டர் வேகம் 1/125 என்று ஓடியது. பிறகு தோல் உறையிலிருந்த மூன்று வளையங்களையும் ஆசையோடு திருகினான். அதே சுவர், அதே வெளிச்சம். திரையில் 1/40 என்று வந்தது.

"ஏண்டா குறைஞ்சுது?" என்றேன்.

"லென்ஸ் தள்ளிப் போயிடுச்சுல்ல தாத்தா. வெளிச்சம் விரிஞ்சு, பிலிம்ல விழறது கம்மியாகும். கேமரா அதைப் பார்த்துத் தானே சரி பண்ணிக்குது."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. என் ஜெனித்தின் மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்க்காது. அதன் நெற்றியில் ஒரு தேன்கூடு மாதிரிக் கண்ணாடி இருக்கும், அதில் விழும் வெளிச்சத்தை மட்டும் அளக்கும். உள்ளே நான் வளையம் போட்டேனா இல்லையா என்று அதற்குத் தெரியாது. லென்ஸ் வழியாகவே அளக்கும் கேமராவை ஜப்பானின் டாப்கான் 1963-லேயே கொண்டுவந்துவிட்டது. என் கையில் இருந்தது அது இல்லை.

கணக்கு எளிது. பொருள் எவ்வளவு பெரிதாக விழுகிறதோ அதோடு ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணை அதாலேயே பெருக்க வேண்டும். உயிர் அளவுக்கே விழுந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஈரிரண்டு நாலு. நாலு மடங்கு நேரம் வேண்டும். என் மூன்று வளையமும் சேர்ந்து சுமார் 5 சென்டிமீட்டர். அதற்குக் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. மீட்டர் 1/30 என்றால் நான் 1/8 வைத்திருக்க வேண்டும். 32 படமும் 1/30-ல் எடுத்தேன்.

அன்று ராத்திரி நெகட்டிவ் உறையைத் தேடி எடுத்தேன். டியூப் லைட்டின் முன் தூக்கிப் பிடித்தேன். முதல் நாலு படம், மூத்தவனின் பிறந்தநாள், கன்னங்கரேல் என்று அழுத்தமாக, குறையில்லாமல் இருந்தது. ஐந்தாவதிலிருந்து சாயம் போன துணி மாதிரி. ஒரே ரோல், ஒரே மருந்து, ஒரே கை. மருந்து பழசாக இருந்தால் பிறந்தநாளும்தானே போயிருக்க வேண்டும்? சாட்சி என் பீரோவிலேயே நாற்பது வருஷம் இருந்திருக்கிறது. கோபத்தில் ஒருமுறை தூக்கிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. விசாரித்துக்கொண்டு போனேன். அவருக்கு 80 தாண்டிவிட்டது, மகன் வீட்டில் இருக்கிறார். "அண்ணே, என்னை ஞாபகம் இருக்கா?" என்றேன். இல்லை என்றார். நடந்ததைச் சொன்னேன். அதுவும் ஞாபகம் இல்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு ஞாபகம் உள்ள ஆள் வேண்டாமா?

நெகட்டிவைக் கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். ஐந்து விநாடி இருக்கும்.

"அஞ்சாவதுலேர்ந்து மெலிசு. வளையம் போட்டீங்களா?"

"ஆமாண்ணே. அன்னிக்கு நீங்க சொன்னீங்க, வெளிச்சம் பத்தலைன்னு. நான்தான் கேக்கலை. நாலு பேர் முன்னால கத்திட்டேன்."

"வளையம் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேனே சார்" என்றார். அப்புறம், "தினம் ஒருத்தர் கத்துவாங்க. எதைன்னு ஞாபகம் வச்சுக்கறது" என்று சிரித்தார். காபி வந்தது. இரண்டு மணி நேரம் இருட்டறைக் கதைகள் கேட்டுவிட்டு வந்தேன்.

தம்பி பேரன் போகுமுன் இன்னொரு காரியம் செய்தான். ஒரு பழைய டிஜிட்டல் கேமராவை என்னிடம் விட்டுப் போனான். அதில் என் ஹீலியோஸும் அதே மூன்று வளையங்களும். மொபைல் திரையை வெள்ளையாக்கி, அதற்கு ஒரு விரல் உயரத்தில் நெகட்டிவைத் தாங்கி வைத்து, மேலிருந்து படம் எடுத்தோம். கம்ப்யூட்டரில் திருப்பி, அழுத்தம் கூட்டினான். மெலிந்த நெகட்டிவிலும் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்தது. 32-ல் ஏழு தேறின. 19-ஆம் படத்தில் கூட்டின் வாயில் குளவி, அதன் பிடியில் தொங்கும் புழு. மண் பூச்சின் வரிகூடத் தெரிகிறது. படத்தைக் கெடுத்த வளையமே படத்தை மீட்டுக் கொடுத்தது. அப்பாவுக்குக் காட்ட முடியவில்லை. அந்தச் சித்திரையில் பிறந்த மகளுக்கு அனுப்பினேன்.

இப்போது காலையில் ஒரு மணி நேரம் கொல்லையில்தான் இருக்கிறேன். கற்றுக்கொண்டதில் சில, உங்களுக்கும் பயன்படும். விடிந்த கையோடு போங்கள், பூச்சிகள் அப்போது குளிரில் மந்தமாக இருக்கும். உயிர் அளவில் எடுக்கும்போது, எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதனால் கண்ணைக் குறிவையுங்கள், மற்றது மங்கினால் பரவாயில்லை. லென்ஸைத் திருகாமல், உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துத் தெளிவு பிடியுங்கள். கேமரா இல்லாதவர்கள் மொபைலின் கண்மேல் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அதுவே போதும் ஆரம்பிக்க. மூட்டு வலி உள்ளவர்கள் முக்காலியை எடுத்துப் போங்கள். நான் குந்தி உட்கார்ந்து எழ முடியாமல் ஒருநாள் செம்பருத்திச் செடியோடு விழுந்தேன்.

19-ஆம் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பி வாங்கின கழுவு கூலிக்கு அதுதான் ஈடு என்று மனசில் ஒரு கணக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"புழு நல்லா வந்திருக்கு. கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிட்டான் உங்க பையன். குளவி இறக்கையில விவரம் போயிடுச்சு, பாருங்க. கொஞ்சம் இறக்கி இன்னொண்ணு போடச் சொல்லுங்க" என்றார்.

இந்தத் தடவை மறுபேச்சு பேசவில்லை. இறக்கிப் போட்டோம். அவர் சொன்னதுதான் சரி.